கேஸ் நம்பர் ஒன்று

பத்தாம் ஆண்டு மலருக்கான தாள்களை ராஜேஷ்குமார் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை காலை. என் மேஜை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். டீ பிளாஸ்க்கும் தம்ளர்களும் வைக்கிற பலகை அது. "தமிழ்ப் பக்கம் நாலே நாலுதாண்ணா. ஒருவாட்டி படிச்சுப் பாருங்க. நான் இங்கிலீஷ் மீடியம். என் தமிழ எங்கம்மாவே நம்பாது" என்றான். சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். ஒரு பெயிண்ட் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறான், முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் அட்டெண்டர். கதவு திறப்பேன், கூட்டுவேன், நாற்காலி போடுவேன், டீ வாங்கி வருவேன். படித்தது எங்கள் சொந்த ஊர் கல்லாவியில் அஞ்சாம் வகுப்பு.

சங்கம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் ஆசிட், தின்னர், குளோரின் என்று ஆளைக் கொல்லுகிற சரக்கு இல்லாத கம்பெனி குறைவு. அந்தச் சரக்குக்குப் பொறுப்பான மேனேஜர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டது இந்தச் சங்கம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. இத்தனை வருஷமும் போர்டில் இங்கிலீஷ் பெயர்தான், கூட்டமும் இங்கிலீஷ்தான். இந்த வருஷம் விழாவுக்குக் கலெக்டர் வருகிறார், தமிழிலும் நம் வரலாறு இருக்கட்டும் என்று யாரோ சொல்ல, ராஜேஷ்குமார் உட்கார்ந்து 'ஓசூர் வட்டார அபாயப் பொருள் மேலாளர் சங்கம்' என்று ஒரு பெயரை உண்டாக்கியிருந்தான். எனக்குப் பெரிய மனிதர்கள் எழுதுகிற எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கேட்டுவிட்டானே என்று விரலை வைத்துப் படித்தேன்.

சர்ச்சுக்குப் பக்கத்து மண்டபத்தில் பதினோரு பேருடன் முதல் கூட்டம் நடந்ததாம். அந்தப் பதினோரு பேருக்கும் டீ கொடுத்தவன் நான். 2004இல் சூளகிரி இறக்கத்தில் ஆசிட் லாரி கவிழ்ந்தபோது நம் உறுப்பினர்கள் சுண்ணாம்பு மூட்டையோடு ஓடிப்போய் ஏரிக்கு ஆசிட் இறங்காமல் தடுத்தார்களாம். அது உண்மைதான். மூட்டை தூக்கியது உறுப்பினர்கள் இல்லை, அது வேறு. அப்படியே விரலை நகர்த்திக்கொண்டு இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே இப்படி இருந்தது:

'1999ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள், தொழிற்சாலை ஒன்றிலிருந்து காலி டிரம்மைத் திருடிச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், அதைத் தன் வீட்டில் கேஸ் கட்டரால் அறுத்தபோது டிரம் வெடித்து உயிரிழந்தார். இச்சம்பவமே நமது சங்கம் தோன்றக் காரணமாயிற்று.'

திருடிச் சென்ற. விரல் அதற்குமேல் நகரவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு கஷ்டம், ஒவ்வொரு எழுத்தாக வந்து நிற்கும். சட்டென்று தாண்டிப் போக முடியாது.

ராஜேஷ்குமார் போன் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தான். "இது யாரு தம்பி?" என்று கேட்டேன்.

"எதுண்ணா? ஓ, அதுவா. யாரோ காண்ட்ராக்ட் ஆளு. நம்ம தலைவர் சார் ஒவ்வொரு கிளாஸ்லயும் சொல்வாரே, கேஸ் நம்பர் ஒன்னு. அந்த ஸ்லைடுலருந்து அப்படியே தமிழ்ப்படுத்தினேன். ஏண்ணா, எழுத்துப் பிழையா?"

"ஒவ்வொரு கிளாஸ்லயுமா?"

"நீங்களே டீ குடுத்துட்டு நிப்பீங்களேண்ணா. மொத ஸ்லைடு. கிழிஞ்ச டிரம் படம்."

பார்த்திருக்கிறேன். மாதத்தில் முதல் சனிக்கிழமை வகுப்பு. விளக்கை அணைத்துச் சுவரில் படம் காட்டுவார்கள். வாயைப் பிளந்துகொண்டு ஒரு டிரம். உலகத்தில் எத்தனையோ டிரம் என்று நினைத்துக்கொண்டு தட்டை நீட்டிக்கொண்டே போவேன். தலைவர் இங்கிலீஷில் ஏதோ சொல்வார். பாதிப் பேர் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு சில தடவை யாராவது எதையாவது சொல்ல, சிரிப்பு எழும். ஏதோ ஜோக் போலிருக்கிறது என்று, தட்டைப் பிடித்தபடி நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தக் காண்ட்ராக்ட் ஆள் என் மகன் முனிராஜ். கல்லாவியிலிருந்து பிழைக்க வந்து, ஓசூரில் முதலில் பிறந்த பிள்ளை என்பதால் இந்த ஊர் முனீஸ்வரன் பெயரை வைத்தோம். அதற்குப் பிறகு வேறு பிள்ளையும் இல்லை.

அப்போது நான் ஒரு கம்பெனி ஸ்டோரில் உருப்படி ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தேன். முனிராஜ் அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் வெல்டர். மருமகள் சம்பங்கி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, கெலமங்கலத்துக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியைக் கழுவி விடுவார்கள். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுப்பார்கள். அன்றைக்கு ஸ்டோரையும் ஒழிப்பது வழக்கம். காலி டப்பா, காலி டிரம், மரப்பெட்டி எல்லாம் கேட்டவனுக்குப் போகும். அப்படி வாங்கிப்போகாத வீடு எங்கள் லைனில் கிடையாது. பெயிண்ட் கரைக்கிற தின்னர் வந்த டிரம்மில்தான் பாதிப் பேர் தண்ணீர் பிடித்து வைத்துக் குடித்தோம்.

ஸ்டோர் மேனேஜராக இருந்தவர் மைக்கேல்ராஜ் சார். "சார், மருமவ புள்ள பெத்திருக்கு. ஓசூர் குளிருக்கு வெந்நீர் வெக்க ஒரு டிரம் வேணும்" என்றேன். "காலிதானே பொன்னுசாமி, எடுத்துக்குங்க" என்று கேட் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செக்யூரிட்டியிடம் சீட்டைக் காட்டி, டிரம்மை சைக்கிள் கேரியரில் டியூப் போட்டுக் கட்டி, நானே தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முனிராஜ் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. குழந்தையைப் பார்க்கப் போயிருந்தான்.

மறுநாள் விட்டு அடுத்த நாள் அவன் அதைக் கழுவினான். சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை. பாதியாக அறுத்து, கீழ்ப்பாதியை வெந்நீர் அடுப்புக்கு வைப்பதாகத் திட்டம். பக்கத்துப் பட்டறையில் கேஸ் செட் கேட்டு வாங்கி வந்தான். "இன்னும் லேசா வாசம் அடிக்குதாப்பா?" என்று கேட்டான். நான் டிரம் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். "ஒன்னுமில்ல. அறுடா" என்றேன். கண்ணுக்குத் தெரிகிற தின்னரைவிட, காலி டிரம்முக்குள்ளே தங்குகிற ஆவிதான் எமன், தண்ணீரை முழுக்க நிரப்பிவிட்டு அறுத்தால் ஆபத்தில்லை என்பதெல்லாம் பிற்பாடு இந்தச் சங்கத்துக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கு ஒன்றுதான். அடுப்புக்குக் கல் எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்தபோது டிரம்மின் மேல்தட்டு பக்கத்து வீட்டுக் கூரையில் கிடந்தது. மற்றதைச் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே மைக்கேல்ராஜ் சார் வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. "ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் நாளைக்கு வர்றாரு. சீட்டுக் குடுத்தது நான்னு தெரிஞ்சா என்னை விட மாட்டாங்க. வாங்கிட்டுப் போனது நீங்கன்னு தெரிஞ்சா உங்களையும் விட மாட்டாங்க. முனிராஜ் இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றார். மகன் கேட்காமல் எடுத்து வந்துவிட்டான் என்று தாளில் இருந்தது. போட்டேன் கையெழுத்து. அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன. பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே எனக்காக நான் பயந்து நின்றேன். பையில் இருந்த சீட்டையும் எடுத்து அவரிடமே கொடுத்தேன். என் வீட்டுக்காரி காளியம்மாளுக்கு மட்டும் இது தெரியும். அவள் அதற்குப் பிறகு என்னோடு நேராக நாலு வார்த்தை பேசாமலே அஞ்சாம் வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

நாலு மாதம் கழித்து மைக்கேல்ராஜ் சார் கம்பெனி கம்பெனியாக அலைந்து சங்கத்தைச் சேர்த்தார். முதல் தீர்மானம், எந்தக் காலி டிரம்மும் கடப்பாரையால் மூன்று ஓட்டை போடாமல் கேட்டைத் தாண்டக்கூடாது. அந்தப் பழக்கம் வந்த பிறகு இந்தப் பக்கம் டிரம் வெடித்து ஒருத்தனும் சாகவில்லை என்கிறார்கள். இருக்கலாம். நான் ரிட்டையர் ஆனதும் என்னைக் கூப்பிட்டு இந்த வேலை கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் ஏதோ ஒரு பைலில் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் அதை எழுப்பிச் சுவரில் காட்டியிருக்கிறார்கள்.

அந்த வியாழக்கிழமை சாயந்தரம் அவர் வந்ததும் மலர்த் தாளைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முகம் கறுத்தது. அவர் இப்போது சங்கத் தலைவர். அடுத்த வாரம் சனிக்கிழமை விழாவில் கலெக்டர் கையால் பொன்னாடை அவருக்குத்தான்.

"நான் தமிழ்ல போடச் சொல்லல பொன்னுசாமி."

"இங்கிலீஷ்ல போட்டா சரிங்களா சார்?"

அவர் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். "ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு. வேற எப்படி நான் சொல்லியிருக்க முடியும்? சொல்லாம விட்டிருந்தா எத்தன பேர் செத்திருப்பாங்க? உங்க மகன் கதைய கேட்டுத்தான் இந்த ஊர்ல நூறு கம்பெனி திருந்துச்சு."

"கதைன்னா பேரு இருக்கணும் சார். என் மவன் பேரப் போடுங்க. திருடலன்னு போடுங்க. டிரம்ம நான் கேட்டேன், நீங்க குடுத்தீங்கன்னு போடுங்க."

"எனக்கு இன்னும் ஒன்றரை வருசம் சர்வீஸ் இருக்கு."

"முனிராஜுக்கு இருவத்திநாலு வயசு சார்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "ஒன்னு வேணா பண்றேன். அந்த வரியையே எடுத்துடச் சொல்றேன். திருட்டுங்கறதும் இருக்காது, எதுவும் இருக்காது. கிளாஸ்லயும் இனிமே அந்தப் படத்தைக் காட்டல. போதுமா?"

போதுமா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியவள் சம்பங்கி என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலம் பஸ் ஏறினேன். மாதம் ஒரு தடவை போவேன். சம்பங்கி அம்மா வீட்டோடே தங்கிவிட்டாள். ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் கொட்டகைக்குள்ளே பூ வெட்டுகிற வேலை. வாசலில் அவள் அம்மா ரங்கம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க சங்கத்துக்காரரே. இன்னிக்கி யாருக்குப் பாடம் சொல்ல வந்தீங்க?" என்றாள். அவளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. திருடன் வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவள். பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடத்தில் எவளோ 'டிரம் திருடன் மவ' என்றாள் என்பதற்காக அவளைக் கடித்து வைத்து, நான் போய் வாத்தியாரிடம் கெஞ்சிவிட்டு வந்தது மூன்றாம் வகுப்பில்.

சம்பங்கி வேலை முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் முள் குத்திய தழும்பு. உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்து, சீட்டு, சைக்கிள், மோந்து பார்த்தது, கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றிவளைத்துப் பேச எனக்கு எப்போதும் வராது. ரங்கம்மாவின் முறம் நின்றுபோனது.

சம்பங்கி கைகழுவிய சொம்பைக் கீழே வைக்கவில்லை.

"அவுரு கழுவுனாரா மாமா அத?"

"மூணு தடவம்மா. சோப்புத்தூள் போட்டு."

"மூணு தடவையா."

"ஆமாம்மா. வாசம் அடிக்குதான்னு கூட எங்கிட்டக் கேட்டான்."

"அவசரத்துல திருடியாந்து, அவசரத்துல அறுத்துட்டாருன்னுதான் பத்து வருசமா நெனச்சிட்டிருந்தேன். புள்ளைய நெனைக்காம போயிட்டாரேன்னு அவர வையாத நாள் இல்ல." குரல் உடையவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "செத்தவர வெச்சு ஏச வெச்சீங்களே மாமா."

தலைவர் வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னதையும் சொன்னேன்.

"எடுத்துட்டா? அப்ப அவுரு சும்மா செத்தாரா?" என்றாள். தர்ஷினி கதவோரம் நிற்பதை இரண்டு பேரும் அப்போதுதான் பார்த்தோம். எவ்வளவு நேரம் நின்றாளோ. சம்பங்கி அவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "இவ படிக்கிற புள்ள. அவங்கப்பன் பேரு போட்டு, திருடலன்னு எழுதியிருக்கிற புத்தகத்தக் கொண்டாங்க. இல்லன்னா இந்த ஊட்டுப் பக்கம் வராதீங்க மாமா." கதவைச் சாத்தவில்லை. திட்டவுமில்லை. சொம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பஸ் வரும்வரை ரோட்டில் நின்றேன். எனக்கென்று இருப்பது அந்த இரண்டு பேர்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலர் வந்தது. முந்நூறு புத்தகம், பளபளவென்று வழவழத் தாளில். விழாப் பையில் பேனாவோடும் குறிப்பு அட்டையோடும் அதைப் போட்டுக் கட்டிவைப்பது என் வேலை. ராஜேஷ்குமார் இறக்கிவிட்டு, ஹோட்டல் மண்டபத்தில் பந்தல் ஜோடனை பார்க்க ஓடினான். கட்டைப் பிரித்து இரண்டாம் பக்கத்தைத் தேடினேன். சொன்னபடி செய்திருந்தார். 'வட்டாரத்தில் நிகழ்ந்த பல்வேறு சம்பவங்களைக் கருத்தில் கொண்டு நமது சங்கம் தோற்றுவிக்கப்பட்டது.' அவ்வளவுதான். வரி போன இடத்தில் கொஞ்சம் வெள்ளை விழுந்திருந்தது. வேறு எதையும் அங்கே இட்டு நிரப்ப நேரம் இல்லை போலிருக்கிறது.

விழாப் பேனாவில் ஒன்றை எடுத்தேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. முதலில் ஒரு பழைய தாளில் எழுதிப் பார்த்தேன். அப்புறம் அந்த வெள்ளையில், இடம் பற்றுகிற மாதிரி, பொடியாக எழுத ஆரம்பித்தேன். 'சங்கம் தோன்றக் காரணம் முனிராஜ். அவன் திருடவில்லை. டிரம்மைக் கேட்டு வாங்கி வந்தது அவன் அப்பன் பொன்னுசாமி.' வழவழத் தாளில் பேனா வழுக்கியது. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை அழுத்தி இழுக்க வேண்டியிருந்தது. முதல் புத்தகத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. மை காய்வதற்காக அதைத் திறந்தபடி ஜன்னலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பத்துக்குமேல் கை கொஞ்சம் வேகம் பிடித்தது. 'முனிராஜ்' என்பதில் அந்த 'ஜ்' மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி வந்தது.

முப்பத்தெட்டாவது புத்தகத்தில் இருக்கும்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. நடையிலேயே தெரியும், மைக்கேல்ராஜ் சார். நாளைக்குப் பேசப்போவதை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஜன்னலிலும் பெஞ்சிலும் தரையிலும் விரித்துக் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. பத்து வருஷத்தில் அவர் வந்து நான் எழுந்திருக்காதது அன்றைக்குத்தான்.

ஜன்னலில் இருந்ததை எடுத்துப் படித்தார். மூன்று வரிதான். நான் படிக்கிற மாதிரியே நேரம் எடுத்துக்கொண்டார்.

"என் பேர் இல்லையே" என்றார்.

"அது உங்க வேல சார்."

பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். போனை எடுத்து ராஜேஷ்குமாரைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடிமேல் வைத்து, அந்தத் தாளைப் புரட்டினார். பின்பக்கம் முழுக்க அவருடைய வண்ணப்படம், கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். நான் அழுத்தி எழுதிய எழுத்தெல்லாம் அந்தப் பக்கம் முட்டிக்கொண்டு, நெற்றியிலும் கன்னத்திலும் திருப்பிப்போட்ட வரிகளாகத் தடித்து நின்றன. மைக்கேல்ராஜ் சார் அதன்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய், மறுபடி முதலிலிருந்து தடவிக்கொண்டு வந்தார்.